எனினும் சாரும் மாற்று காரும்

எனினும் சாருக்கு அந்தப் பெயர் வரக் காரணம் அவர் எழுதும் கடிதங்கள்தான். துணி துவைக்கும் இயந்திரங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில், வாரன்டி கேட்டு வருகிறவர்களுக்கு முடியாது என்று பதில் எழுதுவது அவர் வேலை. பதினொரு வருடமாக அதே வேலை, அதே ஜன்னலோர மேசை. ஒவ்வொரு கடிதமும் ‘தங்கள் கோரிக்கையை மிகுந்த அக்கறையுடன் பரிசீலித்தோம்’ என்று ஆரம்பிக்கும். படிக்கிறவருக்கு ஒரு நிமிடம் நெஞ்சு குளிரும். இரண்டாவது பத்தி ‘எனினும்’ என்று ஆரம்பிக்கும். அதற்கு மேல் அவர் படிக்காமலே மெக்கானிக்கைத் தேடிக்கொண்டு போகலாம்.

அவர் கெட்ட மனிதர் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் உங்களுக்கு அவர்மேல் எரிச்சல் வரும்போது சொன்னால் எடுபடாது. அவர் பொய் எழுதியதே இல்லை. ஒருவர் இயந்திரத்தைச் சமமில்லாத தரையில் வைத்திருப்பார். இன்னொருவர் ஆறு மாதம் முன்பே ‘சும்மா ஒரு சந்தேகம், இந்தச் சத்தம் சகஜமா?’ என்று போன் செய்து கேட்டிருப்பார். அது பதிவேட்டில் ஏறியிருக்கும். வேறொருவர் சட்டைப் பையிலிருந்த சில்லறையோடு சட்டையைப் போட்டிருப்பார். எனினும் சார் அதையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிக் கண்டுபிடிப்பார், அவ்வளவுதான். கண்டுபிடித்ததும் அவர் முகத்தில் ஒரு சின்ன திருப்தி வரும். கணக்கு சரியாக வந்த பிள்ளைக்கு வருமே, அந்த மாதிரி.

அவர் மனைவி நர்ஸ். ஆஸ்பத்திரி நர்ஸ் இல்லை, வீடு வீடாகப் போகிற நர்ஸ். தெருவில் எல்லோரும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம். காலை ஏழு மணிக்கு ஊசி போட்டுக்கொண்ட பிறகே சாப்பிட வேண்டியவர்கள், காலில் ஆறாத புண்ணோடு கட்டு மாற்றக் காத்திருப்பவர்கள், படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு காரில் ஊரைச் சுற்றுவதுதான் உத்தியோகம். கார் ஓடினால்தான் நர்ஸம்மா நர்ஸ்.

பழைய கார் இரண்டு தடவை நடுரோட்டில் நின்றது. முதல் தடவை மன்னித்துவிட்டார்கள். இரண்டாவது தடவை, தனியாக இருக்கும் ஒரு தையல்கார அம்மா, ஊசி போடாமல் சாப்பிடக் கூடாது என்ற சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டு பத்து மணி வரை வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார். எழுந்தவர் தலை சுற்றிக் குளியலறை வாசலில் விழுந்தார். நெற்றியில் நாலு தையல். நர்ஸம்மாவின் மேலதிகாரி கத்தவில்லை. பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு, சில வாரம் அலுவலகத்தில் கோப்பு பார்க்கும்படி சொன்னார். அதன் பிறகு ஒரு புதிய பட்டியலைக் கொடுத்தார். பதினொரு வீடு, இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமையிலிருந்து. இன்னொரு முறை வண்டி நின்று யாராவது காத்துக் கிடந்தால் அதுவே கடைசி என்றும் சொல்லி அனுப்பினார்.

ஆகவே கார் வாங்கினார்கள். புதிது வாங்க வசதியில்லை. சாம்பல் நிறம், ஆறு வயது, முன்னால் ஒரே ஒரு சொந்தக்காரர். வண்டிக்குள் யாரோ தெரியாதவருடைய வாசனைத் திரவியத்தின் மணம் இன்னும் இருந்தது. விற்றவர் எதற்கெடுத்தாலும் ‘கவலைப்படாதீங்க’ என்பார். டயர் பற்றிக் கேட்டாலும் அதுதான், கழிவறை எங்கே என்று கேட்டாலும் அதுதான். சாவியைக் கொடுக்கும்போது ஒரு சின்னப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்தார். நீட்டிக்கப்பட்ட வாரன்டி, இரண்டு வருடம். விருப்பமிருந்தால் ஏழு நாளுக்குள் வாங்கலாம். அடுத்த சனிக்கிழமை மாலை ஐந்து மணியோடு அந்த வாய்ப்பு போய்விடும்.

வண்டி வீட்டு வாசலில் வந்து நிற்பதற்குள் நர்ஸம்மா அந்தப் புத்தகத்தைப் புரட்டி ஒன்பதாம் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார். வாரன்டி உள்ள கார் வழியில் நின்றுவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் மாற்று கார் ஒன்றை, நிற்கிற இடத்துக்கே அனுப்புவார்கள் என்று அங்கே போட்டிருந்தது. படிக்கும்போதே அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. ஒரு மாதமாகத் தூக்கிக்கொண்டே இருந்த தோள்.

“இது போதுங்க. வாங்கிடலாம்,” என்றார்.

எனினும் சார் புத்தகத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“அனுப்புவாங்க. எப்ப அனுப்ப மாட்டாங்கன்னு பாக்கணும்,” என்றார்.

அன்று ஆரம்பித்தது வினை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் சாப்பாட்டு மேசையில் புத்தகமும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். மேசையில் தட்டு வைக்க இடமில்லை; நர்ஸம்மா மடியில் வைத்துச் சாப்பிட்டார். முப்பத்திரண்டு பக்கம். எனினும் சார் வழக்கம்போல் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் வந்தார், ஏனென்றால் இந்த மாதிரிப் புத்தகங்களில் கொடுப்பதை முன்னால் எழுதுவார்கள், பிடுங்குவதைப் பின்னால் எழுதுவார்கள். தேய்மானத்தால் வரும் பழுதுக்கு வாரன்டி இல்லை. எது தேய்மானம் என்று சொல்லவில்லை. ஒரு வட்டம் போட்டார். அங்கீகரிக்கப்பட்ட பட்டறையைத் தவிர வேறு எவர் கை பட்டாலும் வாரன்டி இல்லை. கை படுவது என்றால் என்ன? எண்ணெய் ஊற்றினால் கை பட்டதா? இன்னொரு வட்டம். சாயங்காலத்துக்குள் நாற்பத்தோரு வட்டம் ஆயிற்று. ஒன்பதாம் பக்கத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. அதை அவர் விளம்பரம் என்று ஒதுக்கிவிட்டார்.

வட்டம் போடப் போட அவருக்கு ஆத்திரமும் கூடிக்கொண்டே போனது. யாரோ ஒருவர், எங்கோ ஒரு ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் செதுக்கி வைத்திருந்தார். ஒரு பொத்தலை அடைத்தால் பக்கத்திலேயே இன்னொன்று. ‘அல்லது அதனுடன் தொடர்புடைய’ என்ற சொற்கள் பதினேழு இடத்தில் வந்தன. எனினும் சாரே அதைத் தன் கடிதங்களில் பயன்படுத்துவதுண்டு. அது எதை வேண்டுமானாலும் விழுங்கும் என்று அவருக்குத் தெரியும். தன் வித்தையை இன்னொருவன் தன்மேலேயே பிரயோகிப்பதைப் பார்த்து அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை நர்ஸம்மா கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். செவ்வாய்க்கிழமை நர்ஸம்மா கேட்டார். இன்னும் இரண்டு சந்தேகம் பாக்கி என்றார். அந்த வாரம் முழுக்க நர்ஸம்மா பஸ் ஏறி அலுவலகம் போய், கோப்புகளுக்கு நூல் கோத்துவிட்டு, பஸ் ஏறித் திரும்பி வந்தார். வாசலில் புதுக்கார் ஒன்று இருக்கிறது. ஒரு முடிவு வரும் வரை அதை ஓட்டக் கூடாது என்பது எனினும் சாரின் உத்தரவு. ஓட்டினால் கிலோமீட்டர் ஏறும், ஏறினால் இருபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு சிக்கல் வரும் என்றார். பெண்டாட்டியை பஸ்ஸில் அனுப்பிவிட்டு காரைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட மனுஷனை நான் இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நர்ஸம்மாவின் தம்பி வந்தான். டாக்சி ஓட்டுகிறவன். வாரன்டி வாங்குவதா வேண்டாமா என்று அவனிடமும் கேட்கலாம் என்று எனினும் சாரேதான் வரச் சொல்லியிருந்தார். கிலோமீட்டர் விஷயத்தில் இந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார். மச்சினன் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்து, நல்ல வண்டி, பத்து வருஷம் ஓட்டலாம் என்றான். இறங்கும்போது போகிற போக்கில் ஒன்றைச் சொல்லி வைத்தான்.

“ரெண்டாவது கியர்ல இருந்து மூணாவது போறப்ப லேசா ஒரு தயக்கம் இருக்கு மாமா. ஒண்ணுமில்ல. என்ன மாதிரி ஓட்டுறவனுக்குத்தான் தெரியும்.”

ஒண்ணுமில்ல என்ற சொல் எனினும் சார் காதில் ஏறவில்லை. தயக்கம் என்பது மட்டும் ஏறியது. புதன்கிழமை முழுக்க அது அவர் மண்டைக்குள் குடைந்தது. கியர்பாக்ஸ் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. தயக்கம் என்பது பழுதா, தேய்மானமா, தொடர்புடையதா? புத்தகத்தில் பதில் இல்லை. தெரியாததை ஊகித்துக் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை அவர்.

வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு, அலுவலக மாடிப்படியில் நின்றுகொண்டு, வாரன்டி நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தார். இனிமையான குரல்.

“வண்டி நம்பர் சொல்லுங்க சார்.”

“நான் இன்னும் வாரன்டியே வாங்கலம்மா. சும்மா ஒரு சந்தேகம் கேக்கத்தான்.”

“பரவாயில்ல சார். நம்பர் போட்டாதான் எனக்குத் திரை திறக்கும்.”

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்ள வேண்டும். எனினும் சாரின் அலுவலகத்தில் போன் எடுக்கும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு தாள் உண்டு. அதன் முதல் வரி: ‘பேச்சைத் தொடங்குமுன் இயந்திரத்தின் வரிசை எண்ணைக் கேட்டு வாங்கவும்.’ எண் வந்துவிட்டால் அதன் பிறகு சொல்வதெல்லாம் பதிவு. அந்தத் தாளை எழுதியவர் எனினும் சார். அந்த வரியைச் சேர்த்ததற்காக ஒரு வருடம் அவருக்குப் பாராட்டுக் கடிதம்கூடக் கொடுத்தார்கள்.

அப்படிப்பட்டவர், மாடிப்படியில் நின்றுகொண்டு, வண்டி நம்பரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். அந்தப் பெண் தப்பாகத் திருப்பிச் சொன்ன ஒரு இலக்கத்தைத் திருத்தியும் கொடுத்தார்.

பிறகு கேட்டார். ஒரு பேச்சுக்கு, இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது ஒரு தயக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அது உங்கள் வாரன்டியில் வருமா? அந்தப் பெண் பொறுமையாகத் திருப்பிக் கேட்டார். தயக்கம் எப்போதும் இருக்கிறதா, வண்டி சூடான பிறகா? சத்தம் உண்டா? எனினும் சாருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஒரு வாரமாக வீட்டில் யாரும் அவருடைய சந்தேகங்களை இவ்வளவு மரியாதையாக விசாரிக்கவில்லை. சூடான பிறகு என்றார். சத்தம் இல்லை, ஆனால் ஒரு சின்ன இடி மாதிரி என்றார். மச்சினன் சொல்லாததையெல்லாம் சேர்த்துச் சொன்னார், கேள்வி முழுமையாக இருக்க வேண்டுமே என்று. மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. நல்ல வேலைக்காரி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார். பொதுவாக கியர்பாக்ஸுக்கு வாரன்டி உண்டு சார் என்று சொல்லி அந்தப் பெண் ஒரு பதிவு எண்ணைக் கொடுத்தார். அவர் அதைப் புத்தகத்தின் உள்ளட்டையில் அழகாகக் குறித்து வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நர்ஸம்மா கைப்பையைக் கழற்றக்கூட இல்லை. மேசை முன்னால் வந்து நின்றார்.

“ஒரு வாரமா படிக்கிறீங்க. எனக்கு நாளைக்கு விட்டா நாளே இல்ல. வாங்கலாமா, வேண்டாமா? ஒரே ஒரு வார்த்தை.”

கியர்பாக்ஸ் விஷயம் தெளிவாகிவிட்டது, ஸ்டீயரிங் பற்றி மட்டும் ஒன்று பாக்கி என்று எனினும் சார் ஆரம்பித்தார். நர்ஸம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஸ்டீயரிங் கழன்று கையோடு வந்தாலும் பரவாயில்லை, எனக்கு வேண்டியது அந்த மாற்று கார் ஒன்றுதான், அதை முதல் நாளே சொன்னேன், இரண்டாம் நாளும் சொன்னேன், இந்த வீட்டில் நான் பேசுவது சுவருக்குத்தான் கேட்கிறது போல என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனினும் சாருக்குச் சுருக்கென்றது. தன் உழைப்பு இப்படிக் குப்பையாகிறதே என்றும் இருந்தது. இருந்தாலும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, நாளைக்கு வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சத்தமாகவே சொன்னார்.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு அதே காரில் போனார். கார் விற்கும் இடத்தில் கண்ணாடி அறை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஓரத்தில் குடிதண்ணீர்க் குடுவை. ‘கவலைப்படாதீங்க’ ஆசாமி எழுந்து வந்து கை கொடுத்தார். உட்காரச் சொல்லி, கம்ப்யூட்டரில் வண்டி நம்பரைத் தட்டினார். அப்புறம் இன்னொரு தடவை தட்டினார். அவர் புருவம் மேலே ஏறி அங்கேயே நின்றது.

“சார், இந்த வண்டி மேல ஏற்கனவே ஒரு பதிவு இருக்கே,” என்றார்.

திரையைத் திருப்பிக் காட்டினார். ‘வாடிக்கையாளரே தெரிவித்த முன்குறை: கியர்பாக்ஸ். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது தயக்கம். வண்டி சூடான பிறகு. சிறிய இடி.’ கீழே வியாழக்கிழமை, பதினொன்று நாற்பது.

எனினும் சார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அது வெறும் பேச்சுக்குக் கேட்ட கேள்வி என்றார். முன்குறை உள்ள வண்டியை ஆய்வு செய்த பிறகுதான் வாரன்டி தர முடியும் என்று திரை சொன்னது. சரி, ஆய்வு செய்யுங்கள் என்றார். ஆய்வுக்குப் பத்து வேலை நாள் ஆகும். பத்து நாள் காத்திருக்கிறேன் என்றார். ஆனால் வாங்குவதற்கான ஏழு நாள் இன்று ஐந்து மணியோடு முடிகிறதே சார் என்றார் விற்பனைக்காரர். அப்படியானால் அந்த ஏழு நாளை நீட்டிக் கொடுங்கள். நீட்டலாம், ஆய்வு அறிக்கை கையில் இருந்தால். எனினும் சார் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணி பத்து நிமிடம். பதினொரு வருடத்தில் இவ்வளவு நேர்த்தியான ஒரு முட்டுச் சந்தை அவரே கட்டியதில்லை.

வேறு நிறுவனத்தில் வாங்கலாமா என்று கேட்டதற்கு, எல்லோரும் ஒரே பதிவேட்டைத்தான் பார்க்கிறார்கள் என்று பதில் வந்தது. கியர்பாக்ஸையும் அதனுடன் தொடர்புடைய பாகங்களையும் விட்டுவிட்டு மீதிக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அப்படி வாங்கினால், வண்டி நின்றதற்கு எந்தப் பாகம் காரணம் என்று பட்டறை எழுதிக் கொடுத்த பிறகுதான் மாற்று கார் வரும். பட்டறை எழுதிக் கொடுக்க மூன்று நாள். அதற்குள் எத்தனை தையல்கார அம்மாக்கள் எத்தனை வாசலில் விழுவார்களோ.

கடைசியில் ‘கவலைப்படாதீங்க’ ஆசாமி தானே உதவி எண்ணுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். இந்தத் தடவை ஓர் ஆண் குரல். எனினும் சார் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினார். குரல் முழுதும் கேட்டது, குறுக்கே பேசவில்லை. முடித்ததும், தங்கள் விளக்கத்தை மிகுந்த அக்கறையுடன் கேட்டோம் சார் என்றது. அடுத்த வார்த்தை என்ன என்று எனினும் சாருக்குத் தெரியும். அது வருவதற்கு முன்பே அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“சும்மாதான் சார் கேட்டேன்,” என்றார், கண்ணைத் திறக்காமல்.

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எங்கே படித்தது என்று ஞாபகம் வந்தது. விடுதிக்காரர்களுக்குத் துணி துவைத்துக் கொடுத்துப் பிழைத்த ஒருவர். இயந்திரம் நின்றால் பிழைப்பு நின்றது. நீல மையில் மூன்று கடிதம் எழுதியிருந்தார், மூன்றிலும் அந்த ஒரே வரி: ‘அன்று சும்மாதான் ஐயா கேட்டேன்.’ எனினும் சார் மூன்றுக்கும் பதில் போட்டார். தேதி, நேரம், பதிவு எண் எல்லாம் சரியாகக் குறிப்பிட்டிருந்தார்.

விற்பனைக்காரர் அவரை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். அந்த ஒரு முறை மட்டும் கவலைப்படாதீங்க என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனினும் சார் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போட்டுப் பார்த்தார். மேட்டில் போட்டார், இறக்கத்தில் போட்டார், வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் போட்டார். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துத் தீர்த்தார். வண்டி சூடாகி எவ்வளவோ நேரமாகிவிட்டது. அந்தத் தயக்கம் ஒரு தடவைகூட வரவில்லை. கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. அவருக்கு ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

நர்ஸம்மா கட்டிலில் திங்கட்கிழமைக்கான பையைப் பரப்பி வைத்திருந்தார். கையுறைகள், பஞ்சு, கட்டுத்துணிச் சுருள்கள், வெப்பமானி, ஊசிகள் போடும் மஞ்சள் டப்பா. பக்கத்தில் பட்டியல். பதினொரு வீட்டுக்கும் நேரம் குறித்து, முதல் வீட்டுக்கு ஏழு மணி என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். கணவர் வந்த சத்தம் கேட்டதும் நிமிராமலே ரசீதை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார்.

எனினும் சார் நிலைப்படியிலேயே நின்றார். எப்படி ஆரம்பிப்பது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தார். வாயைத் திறந்ததும் வேறொன்றுதான் வந்தது.

“நான் எல்லாத்தையும் ரொம்ப அக்கறையா பரிசீலிச்சு…”

நர்ஸம்மாவின் கை கட்டுத்துணிச் சுருளோடு நின்றுவிட்டது. பதினொரு வருடக் குடித்தனத்தில் அந்தக் கடிதங்களில் பாதியை அவரும் கேட்டிருக்கிறார். எனினும் சார் நன்றாக அமைந்ததைச் சாப்பிடும்போது வாசித்துக் காட்டுவார்.

“கிடைக்கலையா?” என்றார்.

அதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை. மாடிப்படியில் நின்று போன் செய்தது, நம்பர் கொடுத்தது, தயக்கத்தோடு இடியையும் சேர்த்துச் சொன்னது, எல்லாவற்றையும் ஒப்பித்தார். நம்பர் கொடுத்தால் என்ன ஆகும் என்று தனக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும் என்பதையும் சொன்னார். “தப்பு என்னோடது,” என்று முடித்தார். அவர் எழுதிய ஆயிரக்கணக்கான கடிதங்களில் அந்த வாக்கியம் ஒன்றிலும் இல்லை.

நர்ஸம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. நர்ஸம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த சுருளை அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

“அந்தத் தையல்காரம்மா விழுந்தாங்களே, அன்னைக்கு. கார் நின்னதும் முதல்ல உங்களத்தான் கூப்பிட்டேன். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. டாக்சி நம்பர் அனுப்பினேனே.”

“அனுப்பினீங்க. அதுக்கு முன்னாடி ஏன் வர முடியாதுன்னு மூணு காரணம் சொன்னீங்க. மீட்டிங் இருக்கு. லீவு மிச்சம் இல்ல. நீங்க ஸ்கூட்டர்ல வந்து சேர்றதுக்குள்ள டாக்சியே வந்துடும். மூணும் சரியான காரணம்தான். நான் ரோட்டோரம் நின்னு மூணையும் கேட்டேன். டாக்சி வர ஒன்றரை மணி நேரம் ஆச்சு. உங்க ஆபீஸ் அங்கிருந்து இருபது நிமிஷம்.”

நர்ஸம்மா சுருளை மஞ்சள் டப்பா பக்கத்தில் வைத்தார்.

“அதனாலதான் இந்த வாரன்டியக் கேட்டேன். கூப்பிட்டா காரணம் சொல்லாம வர்றது ஏதாவது ஒண்ணு வேணும்னு. அதையும் படிச்சுப் படிச்சே தொலைச்சிட்டீங்க.”

அன்றைய போன் எனினும் சார் மனதில் தான் உதவி செய்த ஒரு காரியமாகவே இத்தனை நாளும் இருந்தது. நம்பர் அனுப்பியதும் வேலை முடிந்தது என்று மீட்டிங்குக்குள் போய் உட்கார்ந்தவர், மத்தியானம் வரை டாக்சி வந்ததா என்றுகூடக் கேட்கவில்லை. தன் வீட்டு மனுவையும் தான் அன்றே தள்ளுபடி செய்துவிட்டது இப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, அழுகை வருகிற அளவுக்கு வெட்கம்.

“இனிமே நான் வர்றேன்,” என்றார்.

நர்ஸம்மா அவரை நம்பாமல் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவர் கையிலிருந்த வாரன்டிப் புத்தகத்தை வாங்கி, கடைசியில் ‘குறிப்புகள்’ என்று வெறுமையாக விட்டிருந்த பக்கத்தைப் பிரித்துக் கட்டில்மேல் வைத்தார். பட்டியலோடு இருந்த பேனாவை அதன்மேல் போட்டார்.

“எழுதிக் குடுங்க.”

எனினும் சார் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து எழுதினார். ‘கார் எங்கே நின்றாலும், எந்த நேரமானாலும், கூப்பிட்ட உடனே நான் ஸ்கூட்டரில் வந்து அடுத்த வீட்டில் கொண்டுபோய் விடுவேன்.’ கையெழுத்து வழக்கம்போல் அச்சடித்த மாதிரி இருந்தது. முற்றுப்புள்ளி வைத்தார். கை அங்கே நிற்கவில்லை. பதினொரு வருடம் பழகிய கை. ஒரு வரி இடம் விட்டு, புதுப் பத்தியில், ‘எனினும்’ என்று அதுவாகவே எழுதியது.

நர்ஸம்மா தலைகீழாகவே அதைப் படித்தார்.

“அது என்ன?”

அவர் அவசரமாக அதன்மேல் ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்குக் கீழே நன்றாகவே தெரிந்தது. இன்னொரு கோடு, இன்னும் ஒன்று, பேனா முனை தாளைப் பொத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகும் வரை அடித்தார். நர்ஸம்மா அது முடியும் வரை பொறுத்திருந்து, பக்கத்தைக் கிழித்து, நாலாக மடித்து, பையில் கையுறைகளுக்கும் பஞ்சுக்கும் நடுவே வைத்தார். கோபம் தீர்ந்ததாகத் தெரியவில்லை. ஜிப்பைச் சர்ரென்று இழுத்து மூடினார்.

“ஸ்கூட்டர்ல பெட்ரோல் இருக்கான்னு பாருங்க,” என்றார்.

எனினும் சார் சட்டையை மாற்றாமலே வாசலுக்குப் போய்ப் பார்த்தார். ரிசர்வில் கிடந்தது. காரணம் சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொல்லாமல் சாவியை எடுத்துக்கொண்டு பங்க்குக்குக் கிளம்பினார்.